கஞ்சா மந்திரி

செவ்வாய்க்கிழமை காலை தீவு ரேடியோவின் பத்து மணிச் செய்தியில் கிளேபோர்ன் பெயர் வந்தது. முன்னாள் நீதித்துறை மந்திரியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வீட்டுக்கு அனுப்பினால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை.

எசேக்கியா பூசணி நறுக்கிக்கொண்டிருந்தான். அவன் கடையில் உப்பு கிடையாது, இறைச்சி கிடையாது. தேங்காய்ப்பாலில் வெந்த காய்தான். கத்தியை வைத்துவிட்டு ரேடியோவையே பார்த்தான்.

"செத்தப்புறம் நீ போக மாட்ட," என்றாள் மனைவி இசில்டா. "போறதா இருந்தா இன்னைக்கே போயிடு."

ராஸ்தா மதத்துக்காரன் பிணத்தின் பக்கம் போவதில்லை. சடை வளர்த்து விரதம் ஏற்றவனுக்குச் சாவு ஆகாது. பெற்ற தாயின் அடக்கத்துக்கே எசேக்கியா போகவில்லை. அதற்காக அவன் அக்கா இன்றுவரை அவனோடு பேசுவதில்லை.

உயிரோடிருக்கும் மந்திரியிடம் போவதும் லேசான காரியமில்லை. அவன் ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. நன்றி என்றால் அது கடவுளுக்கு, அவன் ஜா என்று அழைப்பவருக்கு. மந்திரி, போலீஸ், நீதிபதி எல்லாம் அவனுக்குப் பாபிலோன்தான், ஏழையை ஒடுக்குகிற கூட்டம்.

சோளக்கஞ்சி குடிக்க வந்த சைலஸும் அதையே சொன்னான். அவனும் ராஸ்தா, கூட்டத்தில் முரசடிப்பவன், நாக்கும் நீளம். நம் பூஜைக்குரிய கஞ்சாவைப் பிடுங்கி வைத்திருந்து, வீட்டில் வளர்க்கலாம் என்று சட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்ததற்கா கும்பிடு போடப் போகிறாய் என்றான். கோழியைத் திருடியவன் முட்டையைக் கொண்டுவந்து நீட்டினால் அவனுக்கும் சமைத்து எடுத்துப் போவாயா என்றான். சைலஸ் சொன்னதில் தப்பு இல்லை. இருந்தாலும் எசேக்கியா ஒரு தூக்கில் பூசணிக் குழம்பை ஊற்றி, மூடியைத் துணியால் கட்டிக்கொண்டு வேன் ஏறினான்.

வேனிலும் கிளேபோர்ன் பேச்சுதான். மலைமேல் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த மனுஷன் என்றாள் ஒரு அம்மாள். அந்தக் குழாயில் காற்றுதான் வருகிறது என்றான் அவளுக்குப் பின்னால் இருந்தவன்.

"தண்ணி மந்திரின்னா யாருக்குத் தெரியும்?" என்றான் டிரைவர். "கஞ்சா மந்திரின்னு சொல்லு, கைப்புள்ளகூட வீட்டைக் காட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். எசேக்கியா தூக்கை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான்.

கிளேபோர்ன் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்ப் பந்தல் போட்டிருந்தது. வரிசையாக நாற்காலிகள். நிழலில் நாலு பேர் டொமினோக் கட்டைகளை மேசையில் அறைந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்டாவில் ஆட்டு சூப் கொதித்தது. ரம் பாட்டில்கள் கைமாறின. மைக் பிடித்து ஒருவர் மந்திரியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் இப்படி ஆடிக் குடித்துக் கூடுவது சாவுக்குத்தான். செத்த வீடு. சந்தேகமே இல்லை.

எசேக்கியா கேட்டுக்கு வெளியே நின்றான். ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை. பூசணி வேகும்வரை காத்திருக்காமல் காலையிலேயே வந்திருக்கலாம் என்று நினைத்தான். பிறகு திரும்பி நடந்தான்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மந்திரியின் மகள் வால்ரி.

"அண்ணே, சாப்பாடு கொண்டுவந்துட்டு யாரையும் பாக்காமப் போறீங்க?"

சாவு வீட்டுக்குள் வருவதில்லை, மன்னிக்க வேண்டும் என்றான். வால்ரி ஒரு கணம் விழித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. அப்பாதான் பந்தல் போடச் சொன்னாராம். செத்த பிறகு இத்தனை பேர் பேசி நமக்கு என்ன லாபம், இப்போதே பேசட்டும், கேட்கிறேன் என்றாராம்.

பக்கவாசல் வழியாகக் கூட்டிப்போனாள். கட்டில் ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தது. வெளியே பேசுவது காதில் விழுந்தது. பாலம், பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய். கிளேபோர்ன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பைபிள். சடையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"அந்தக் கஞ்சா சட்டத்தைப் பத்திப் பேச வந்தியா? அதை மட்டும் யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். சர்ச் சபையில எனக்குக் கை குடுக்க ஆள் இல்லாமப் பண்ணுன சட்டம் அது. நான் அந்தச் சனியனைத் தொட்டதுகூட இல்ல."

எசேக்கியா யாரையும் ஐயா என்று அழைப்பதில்லை.

"பெரியவரே," என்றான். "எனக்கு மூணு பிள்ளைங்க. பெரியவனுங்க ரெண்டு பேரு சின்னதா இருக்கும்போது செடி ஓடைக்குப் பின்னால மறைவா இருந்துச்சு. ஜீப் சத்தம் கேட்டா நான் கரும்புக்குள்ள ஓடுவேன். ஒரு தடவை மாட்டிக்கிட்டேன். ஸ்டேஷன்ல சடையை அறுத்துட்டானுங்க. அப்படியே வீட்டுக்கு வந்தேன். பசங்க என்னை அடையாளம் தெரியாம அழுதாங்க."

கிளேபோர்ன் அவன் சடையை மறுபடி பார்த்தார்.

"சின்னவ மக்கேதா, உங்க சட்டம் வந்த வருஷம் பிறந்தவ. இப்பச் செடி முன்வாசல்ல நிக்குது, செம்பருத்திக்குப் பக்கத்துல. ரெண்டுக்கும் அவதான் தண்ணி ஊத்துவா. போலீஸ்காரன் போனா கையாட்டுவா." எசேக்கியா தூக்கைக் கட்டிலருகே வைத்தான். "நான் ஓடி அவ பாத்ததே இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன். நன்றி."

ஒரு மனுஷனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன பிறகு வாய்க்குள் ஒன்றும் குறைந்துபோனதாகத் தெரியவில்லை.

"பெரியவனுங்க பாத்திருக்கானுங்க," என்றார் கிளேபோர்ன்.

"பாத்திருக்கானுங்க."

"அப்ப நான் லேட்டு."

"வந்தீங்கல்ல."

வால்ரி தூக்கைத் திறந்து ஒரு கரண்டி ஊட்டினாள். உப்பில்லை என்று முகத்தைச் சுளித்தார். இன்னொரு கரண்டிக்கு வாயைத் திறந்தார். வெளியே யாரோ மறுபடி குழாயில் ஆரம்பித்தார்கள். கிளேபோர்ன் கையை நீட்டினார். எசேக்கியா பற்றிக்கொண்டான். வெறும் எலும்பு, ஆனால் சூடாக இருந்தது.

நெடுநேரம் விடவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பந்தலுக்குள்ள வந்து, இப்ப சொன்னதை அவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுவியா, தம்பி?"