கரகரப்பு இல்லாத வானிலை

என் வீட்டுக்காரர் தொலைபேசி இலாகாவில் லைன் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். "ஹலோ, கேக்குதா?" என்பார். எதிர்முனையில் கேட்கிறது என்று சொல்லிவிட்டால் வைத்துவிடுவார். மேற்கொண்டு யார் என்ன பேசினாலும் அவருக்குக் கவலையில்லை. வீட்டிலும் அப்படித்தான்.

போன மழையில் வாய்க்கால் உடைந்து, கீழ்த்தளத்தில் நான் வைத்திருக்கும் தையல் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. மெஷின் மோட்டாரும் போயிற்று, வாடிக்கையாளர் துணியும் போயிற்று. இன்னொரு தடவை அப்படி ஆனால் கடையை மூட வேண்டியதுதான். அதனால்தான், ஆபத்து வருமுன்னே அலறும் வானிலை ரேடியோ ஒன்றை வாங்கி வந்தார்.

எங்கள் ஊருக்கான நிலையம் அதில் கரகரத்தது. பீரோ மேல் வைத்தார், குளியலறை ஜன்னலில் வைத்தார். கடைசியில் ஏரியலை என் கையில் கொடுத்தார்.

"நீ பிடிச்சா நல்லா கேக்குது. அப்படியே நில்லு."

"அப்போ தையல் யாரு தைக்கிறது?"

வேண்டா வெறுப்பாக டயலைத் திருப்பினார். மணி மணியாக ஒரு குரல் வந்தது.

"ஏங்க, இது மலைக்கு அந்தப் பக்கத்து மழையையில்ல சொல்லுது."

"இரைச்சல் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன குறை உனக்கு?"

டயல் நகராமலிருக்க அதன்மேல் டேப் வேறு ஒட்டினார்.

ஒருநாள் மத்தியானம் அது அலறியது. மெஷினையும் துணிமூட்டைகளையும் மாடிக்கு ஏற்றினோம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. வீடு காலி பண்ணுகிறீர்களா என்று பக்கத்து வீட்டுக்காரி விசாரித்தாள். எனக்கு இடுப்புப் போயிற்று. அவருக்கோ பெருமை தாங்கவில்லை. "என்னா சத்தம் பாத்தியா?" என்றார்.

அடுத்த வாரம் நிஜமான மழை. வாசற்படியைத் தண்ணீர் தொட்டபோது, மெஷினைத் தூக்கலாம் என்றேன்.

"அலாரம் அடிக்கலையே," என்றார்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. உடனே ஓடிப்போய்த் தூக்கினார், ரேடியோவை. அதை மாடியில் பத்திரப்படுத்திவிட்டு வருவதற்குள் நான் ஒண்டியாக மெஷினைப் படிக்கட்டுவரை இழுத்திருந்தேன். பள்ளிக்கூடம் திறப்பதற்காகத் தைத்து அடுக்கியிருந்த சீருடைகளைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்தோம். மேலேயிருந்து ரேடியோ சொன்னது: "வானம் தெளிவாக இருக்கும். துணி உலர்த்த ஏற்ற நாள்."

கீழே சீருடைகள் மிதந்தன. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

அவர் எழுந்துபோய் ரேடியோவை எடுத்துவந்தார். டேப்பைப் பிய்த்து டயலைத் திருப்பினார். பழைய கரகரப்பு. ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து, வாழ்க்கையிலேயே முதல்தடவையாக, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

"வாய்க்கால் ஓரத்து வீடுங்களத்தான் சொல்றான்," என்றார் மெதுவாக. "காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கானாம்."

"நானுந்தான் சொன்னேன்," என்றேன். "பக்கத்துலயே நின்னு சொன்னேன். அதுல என்ன இரைச்சல் இருந்துச்சு?"