ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம்

அந்த மூன்றாம் மாடி வீட்டில் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தால் மேற்குச் சுவர் அரை அடி தள்ளிப்போகும். ஆகையால் முறை வைத்து மூச்சு விட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஒரே அறை. ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் இழுக்கும்போது கதவுப் பக்கம் இருப்பவர்கள் விட வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் குடும்பத் தலைவரான போக்குவரத்துக் காவலர். முப்பது வருஷம் நாற்சந்தியில் நின்று கை காட்டியவர். நகரத்தில் ஜனம் பெருகி, வண்டி பெருகி, ஒருநாள் அவருடைய சந்தியில் நான்கு பக்கமும் வண்டிகள் நின்றது நின்றபடியே நின்றுவிட்டன. கை காட்டினாலும் காட்டாவிட்டாலும் ஒன்றுதான் என்றானதும் மேலிடம் அவருக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. முப்பது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? வீட்டில் காட்ட ஆரம்பித்தார். மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மருமகள்கள், நான்கு பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாரத்தில் பழகிவிட்டார்கள்.

யாருக்கும் இது அதிசயமாகப் படவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மூன்று ஷிப்டாக நடந்தது. பூங்கா பெஞ்சில் உட்கார அரை மணி நேரச் சீட்டு வாங்க வேண்டும். மூத்த மகன் வேலை பார்த்த அச்சகத்தில் ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். ஒருவர் எழுந்தால் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் உட்கார்ந்துவிடுவார். மூச்சுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்டார் காவலர். தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓட வேண்டும் என்பது சட்டம். பெருமூச்சும் அங்கேதான் விட வேண்டும். மருமகள்கள் பாதி நாள் படிக்கட்டிலேயே இருந்ததற்குக் காரணம் அதுதான், மாமியார் அல்ல.

ஒரே ஒருமுறை சட்டம் மீறப்பட்டது. கையை வீசி விளக்கிக்கொண்டே பின்னால் நகர்ந்த காவலர் துணி ஊறவைத்த வாளியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் சிரிக்க, மருமகள்கள் சிரிக்க, கடைசியில் அவரும் சிரிக்க, சுவர் தள்ளிப் போய்விட்டது. போன சுவர் திரும்பி வரவில்லை. அந்தப் பக்கம் குடியிருந்த தையல்காரரின் முட்டியில் அவருடைய மிஷினே வந்து இடித்தது. அவருக்கு மனைவியும் ஐந்து பிள்ளைகளும் உண்டு. டேப்பை எடுத்து அளந்தார், அரை அடி குறைந்திருந்தது. அன்றே குடியிருப்பு அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தார். சுவர் இன்னொரு முறை நகர்ந்தால் காவலர் குடும்பம் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதம் வந்தது. வேறு வீட்டுக்குப் பெயர் பதிந்து வைத்தால் பதினெட்டு வருஷத்தில் கிடைக்கும் என்றும் அதில் அன்போடு குறிப்பிட்டிருந்தார்கள்.

மூன்றாவது மகன் லிஃப்ட் இயக்குபவன். அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது காவலர் நிறம் கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. பெண் பொது நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். அந்தக் குளத்தில் தண்ணீரைவிட ஆள் அதிகம்.

“மூச்சு எவ்வளவு நேரம் அடக்குவம்மா?”

“ரெண்டு நிமிஷம். கோவம் வந்தா மூணு.”

அந்த இடத்திலேயே பேசி முடித்தார்கள். பக்கத்துக்கு ஆறு பேராகக் கணக்கும் நேராயிற்று. யாருக்காவது இருமல் வந்தால் சின்ன மருமகள் அவர்களுக்காகத் தன் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மாமியாருக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

அடுத்த வருஷம் அவள் உண்டானாள். இனி மூச்சை அடக்கவே கூடாது, இரண்டு பேருக்கும் சேர்த்து விட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படிக்கட்டில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். வீடு இனித்தது, ஆனால் பயமும் இருந்தது. பதின்மூன்றாவது ஆளை எந்தப் பக்கம் சேர்ப்பது? பச்சைக் குழந்தைக்கு முறை தெரியுமா? காவலர் மட்டும் அசரவில்லை. தினமும் காலையில் படிக்கட்டுக்கு வந்து மருமகளின் வயிற்றுக்கு நேராக நின்று, நில், போ என்று கை காட்டிவிட்டுப் போவார்.

“உள்ள இருக்கறதுக்குக் கண்ணு தெரியுமா மாமா?”

“நம்ம வீட்டுப் புள்ளம்மா. தெரியும்.”

பேத்தி வீட்டுக்கு வந்த நாளில் தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்து நின்றார். குழந்தை இரண்டு முறை இழுத்து ஒரு முறை விட்டது. நடுவில் விக்கியது. ஜன்னல் பக்கமும் கதவுப் பக்கமும் குழம்பிப்போய்ச் சுவர் முனகத் தொடங்கியது. காவலர் உள்ளங்கையைத் தூக்கி, நில் என்று காட்டினார். குழந்தை நிறுத்திவிட்டது. அந்த வீட்டில் சொன்ன உடனே கேட்ட முதல் ஆள் அதுதான். அவர் பெருமையோடு சுற்றிப் பார்த்தார். குழந்தை இன்னும் மூச்சு விடவில்லை. முகம் சிவந்து, பிறகு கறுத்தது.

“மாமா, கைய எறக்குங்க,” என்றாள் சின்ன மருமகள்.

எத்தனையோ பெரிய மனிதர்களின் காருக்கு இறக்காத கை அது. இப்போது இறங்கியது. குழந்தை அப்போதும் அசையாமல் அவரையே பார்த்தது, போ என்று சொல்ல வேண்டுமாம். காவலருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் எந்தச் சந்தியிலும் காட்டாத, காட்டினால் வேலை போய்விடும் என்று எல்லாப் புதுக் காவலருக்கும் முதல் நாளே சொல்லித் தருகிற சைகையை அவர் காட்டினார். இரண்டு கையையும் விரித்து, எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் வரச் சொன்னார்.

“போலாம்டா கண்ணு. எல்லாரும் போலாம்.”

பதின்மூன்று பேரும் நெஞ்சு நிறைய இழுத்தார்கள். சுவர் ஒன்றரை அடி போயிற்று. அந்தப் பக்கம் தையல்காரர் வீட்டில் ஏழு பேரும் திடுக்கிட்டு வாயைத் திறந்து மூச்சை இழுத்ததில் அவர்களுடைய மறுபக்கச் சுவர் இரண்டு அடி போயிற்று. அவர்களும் இத்தனை வருஷமாகப் பாதி மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வீடும் அப்படியே, அடுத்த தெருவும் அப்படியே. மூன்றாம் நாள் நகரத்தின் கடைசி பஸ் நிறுத்தம், நிழற்குடையோடும் அதில் காத்திருந்தவர்களோடும், இரண்டு அடி தள்ளிப் பொட்டல் வெளிக்குள் போய் நின்றது. இறங்கியவர்கள் கொஞ்சம் கூடுதலாக நடந்தார்கள். கட்டணம் மாறவில்லை.

தையல்காரர் தன் வீட்டை அளந்து பார்த்தார். பழைய அரை அடியும் திரும்பக் கிடைத்திருந்தது. அலுவலகத்துக்குப் போகாமல் நேரே காவலர் வீட்டுக்கு வந்து, அதே டேப்பால் குழந்தைக்குச் சட்டை அளவு எடுத்துக்கொண்டு போனார்.

அந்தச் சுவர் அதற்குப் பிறகு ஒரு நிலையில் நிற்கவில்லை. குழந்தை தூங்கும்போது மூச்சுக்கு ஒரு விரற்கடை போகிறது, திரும்பி வருகிறது. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம், அதில் ஆணி மட்டும் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவைக்கிறார்கள்.