கத்திக்குக் கீழே எந்தப் பிள்ளை

பொறாமையை யாரும் போய்க் கூட்டி வருவதில்லை என்பார்கள். உம்மு ஹபீபா கூட்டி வந்தாள். அக்காள்மடத்துக்கு மாட்டு வண்டி அனுப்பி, வந்தவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்து, புதுச்சேலை உடுத்தி, தன் கல்யாண வளையலில் இரண்டைக் கழற்றிப் போட்டு, தன் புருஷன் பக்கத்தில் தானே உட்காரவும் வைத்தாள். அதற்கப்புறம் ஐந்து வருஷம் வயிறெரிந்து கிடந்தாள் என்றால், யாரை நோவது?

அப்போது அவளுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். புருஷன் மீரா சாகிபு பாம்பனில் சொந்தத் தோணி வைத்து இலங்கைக்குச் சரக்கு ஏற்றுகிறவர். அந்த வீட்டில் எல்லாம் இருந்தது, தொட்டில் மட்டும் இல்லை. போகாத தர்கா இல்லை, கட்டாத தாயத்து இல்லை. நாத்தனார் குல்சும் மாதத்துக்கு ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக்கொண்டு தம்பியிடம் வந்து நின்றாள். "அவ ஒருத்தியக் கொண்டாந்து என் தலையில கட்டுறதுக்கு முந்தி நானே பாத்துக்கிறேன்" என்று முந்திக்கொண்டாள் ஹபீபா. தாய் தகப்பன் இல்லாதவள், வாயில்லாப் பூச்சி, சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள் என்றுதான் அக்காள்மடத்து நூர் நிஷாவைப் பிடித்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெண்ணும் ஒருநாள் எதிர்த்துப் பேசியதில்லை. "லாத்தா, லாத்தா" என்று அக்காள் முறை வைத்துக் காலையே சுற்றி வந்தாள். பத்தாம் மாதம் ஆண் பிள்ளை ஒன்றைப் பெற்றாள். முஹைதீன் என்று பேர் வைத்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது. மறுநாளே ஊர் மீரா சாகிபுவை 'முஹைதீன் வாப்பா' ஆக்கிவிட்டது. நேற்று வந்தவள் 'முஹைதீன் உம்மா' ஆகிவிட்டாள். குடும்பத்தைக் கட்டிக் காத்த ஹபீபா வெறும் 'பெரிய ஊட்டுக்காரி'.

பிறகு அல்லாஹ் வேறு விதமாக எழுதினான். முஹைதீனுக்கு மூன்றரை வயது நடக்கும்போது, முப்பத்தாறு வயதில், ஹபீபாவுக்குக் காலையில் குமட்டியது. காயப்போட்ட கருவாட்டின் கவிச்சி என்று நினைத்தாள். மருத்துவச்சி வந்து நாடி பிடித்துச் சிரித்தாள். ஹமீது பிறந்தான். ஊர் முழுக்கச் சீனி வழங்கினார்கள். இனிமேல் நெஞ்சு ஆறிவிடும் என்று ஹபீபாவும் நம்பினாள்.

எங்கே ஆறியது? தோணி கரைக்கு வந்தால் முஹைதீன் மணலில் விழுந்தடித்து ஓடி, வாப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வருவான். ஏழு மாதக் கைக்குழந்தையால் ஓட முடியுமா? மீரா சாகிபு வாசலில் பெரியவனை இறக்கிவிட்ட பிறகுதான் சின்னவனைத் தூக்குவார். அந்தச் சின்னப் பொழுதுக்குள் ஹபீபாவின் உடம்பெல்லாம் எரிந்து அடங்கும். ஊரோ இன்னும் அவரை முஹைதீன் வாப்பா என்றே கூப்பிட்டது. "ஏன் ராசா, ஒனக்கு மட்டும் வாப்பா இல்லையா?" என்று பிள்ளையின் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுவாள்.

ஒருநாள் அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "ஒண்ணு இந்த ஊட்டுல அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

மீரா சாகிபுவுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. ஆமாம் என்றும் சொல்ல மாட்டார். தாடியைத் தடவினார். "பெருநாள் கழியட்டும் ஹபீபா. அக்காள்மடத்துத் தோப்புல ஒரு ஊடு சும்மாத்தான் கெடக்கு. மறுநா வண்டிக்குச் சொல்லி விடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். நூர் நிஷாவிடம் அவரும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை.

நாற்பத்தெட்டாம் வருஷத்து ஹஜ்ஜுப் பெருநாள் அது. அந்த மாதம் பிறை கண்டுவிட்டால் ஒன்பது நாளும் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பின் தெருப் பெண்கள் ஹபீபா வீட்டில் கூடுவார்கள். அவள் வாப்பா பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெப்பை. அரபு எழுத்தில் தமிழ் எழுதிய கித்தாபை ராகம் போட்டு வாசிக்க அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இப்ராஹிம் நபியின் சரித்திரத்தை நாளுக்குக் கொஞ்சமாக வாசித்து, ஒன்பதாம் நாள் அவர் மகனை அறுக்கக் கொண்டுபோகும் கட்டத்தில் முடிப்பாள். முந்தானையால் கண்ணைத் துடைக்காத பெண் இருக்க மாட்டாள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளையில்லாத சாரா நாயகி, தன் பணிப்பெண் ஹாஜராவைத் தானே புருஷனுக்குக் கட்டிக்கொடுக்கிறார். ஹாஜரா இஸ்மாயீலைப் பெறுகிறார். சாராவுக்கு அது பொறுக்கவில்லை. இப்ராஹிம் நபி ஹாஜராவையும் பிள்ளையையும் தண்ணீரில்லாத பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டு வருகிறார். பிற்பாடு சாராவுக்கும் ஒரு மகன் பிறக்கிறார், பேர் இஸ்ஹாக். இஸ்மாயீல் வழியில் வந்தவர்கள் அரபிகள், இஸ்ஹாக் வழியில் வந்தவர்கள் யூதர்களான யஹூதிகள் என்பார்கள். வருஷா வருஷம் ஹபீபா இதை வாசித்திருக்கிறாள். அது தன் வீட்டுக் கதை என்று இந்த வருஷம்தான் சுட்டது.

ஏழாம் நாள் காலையில் கருவாடு விற்கிற செபமாலை வந்தாள். பின்வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போடுவது அவள் வழக்கம். ஹபீபா அறுக்கும் கட்டத்தை வாய்விட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன ஆத்தா, இஸ்மாயீலுங்கிற?" என்றாள் செபமாலை. "ஆபிரகாம் பலி குடுக்கக் கூட்டிட்டுப் போனது ஈசாக்கையில்ல? சாராளுக்குப் பெறந்த மவன். எங்க சாமியாரு பிரசங்கத்துல அப்படித்தான சொல்லுவாரு."

"யாரு? சாரா மவனா?"

"ஆமா. யூதங்க வேதத்துலயும் அதேதானாம்."

ஹபீபா கித்தாபை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அப்படியானால் சாரா பெற்றதுக்கும் ஒரு பெருமை எழுதி வைத்திருக்கிற வேதம் உலகத்தில் இருக்கிறதா? ஆண்டவனே கேட்ட பிள்ளை, வாப்பாவுக்கு உயிரான பிள்ளை, சாராவின் பிள்ளைதானா? அன்றைக்குச் செபமாலையிடம் அவள் பேரம் பேசவேயில்லை.

ஒன்பதாம் நாள், பெருநாளுக்கு முந்தின அரபா நோன்பு. நடுவீட்டில் பாய் விரித்துப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஹமீது ஹபீபாவின் பக்கத்தில் மல்லாந்து தூங்கினான். நூர் நிஷா எப்போதும்போலக் கடைசியில், நிலைப்படியை ஒட்டி, முஹைதீனை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கித்தாபைத் திறக்கும் முன்பே குல்சும் வாயைத் திறந்துவிட்டாள். ரயிலில் வரும் பேப்பரை யாரோ வாசிக்க, தம்பி கேட்டு வந்து சொன்ன செய்தி. குல்சும் வாயில் விழுந்த செய்தி எதுவும் உப்புப் புளி சேராமல் வெளியே வராது.

"கேட்டியளா சேதிய? பலஸ்தீனத்துல யஹூதிக அரபுக்காரங்கள ஊட்ட விட்டு வெரட்டிட்டானுவளாம். பொம்பளைக புள்ளகுட்டியோட கூடாரத்துல கெடக்குதுகளாம். அன்னைக்கு சாரா செஞ்சத இன்னைக்கு சாரா புள்ளைக செய்யுது. எல்லாத்துக்கும் மூலம் ஒரு பொம்பளையோட வயித்தெரிச்சல்!"

சொல்லிவிட்டு அவள் பலஸ்தீனத்தைப் பார்க்கவில்லை, ஹபீபாவைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். வண்டிச் சமாச்சாரம் அதற்குள் தெருவுக்குத் தெரிந்திருந்தது.

"மதினி, சாரா நாயகி நபியோட பொஞ்சாதி. மருவாதியாப் பேசுங்க" என்றாள் ஹபீபா. "ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தி ரெண்டு பொம்பளைக அடுப்பங்கரையில மொறச்சுக்கிட்டதுக்கா இன்னைக்குப் பீரங்கி வெடிக்குது? வெள்ளக்காரன் ஒரே எடத்த அவனுக்கும் தாரேன், இவனுக்கும் தாரேன்னானாம். அங்கிட்டு ஐரோப்பாவுல யஹூதிகளக் கொத்துக் கொத்தாக் கொன்னானுவளாம், தப்பிச்சவன் ஒண்ட வந்தானாம். ஒங்க தம்பிதான் இதையும் சொன்னாரு. எடத்துக்கு அடிச்சுக்கிறது ஆம்பளைக, பழி மட்டும் பொம்பளைக்கா?"

"ஒண்ட வந்தவன் இருந்தவன வெரட்டலாமா?" என்றாள் குல்சும், விடாமல்.

இந்த வீட்டில் ஒண்ட வந்தவள் யார், இருந்தவள் யார், விரட்டுகிறவள் யார் என்று ஹபீபாவுக்கே குழம்பியது. கோபத்தோடு பக்கத்தைப் புரட்டி வாசிக்கத் தொடங்கினாள்.

கோபத்தில் அவள் குரல் இன்னும் நன்றாக வந்தது. மகனை அறுக்கச் சொல்லி ஆண்டவன் கேட்பதாக இப்ராஹிம் நபி கனவு காண்கிறார். மகனைக் குளிப்பாட்டிப் புது உடுப்புப் போட்டு மலைக்குக் கூட்டிப் போகிறார். கத்தியைத் தீட்டுகிறார். பிள்ளையைப் பாறையில் கிடத்துகிறார். பெண்கள் மூக்கை உறிஞ்சத் தொடங்கினார்கள். கித்தாபில் 'என் கண்ணான இஸ்மாயீலே' என்று இருந்தது.

"என் கண்ணான இஸ்ஹாக்கே" என்று வாசித்தாள் ஹபீபா.

மூக்குறிஞ்சல் சட்டென்று நின்றது.

"என்ன சொன்ன?" என்றாள் குல்சும். "நோன்பு மயக்கமா?"

"மயக்கமெல்லாம் இல்ல. தெரிஞ்சுதான் சொன்னேன்."

"தவ்பா, தவ்பா! யஹூதி சொல்றத இங்கன வந்து வாசிக்கிறியா?"

"வாசிப்பேன்!" ஹபீபாவின் குரல் உடைந்தது. "பொழுது விடிஞ்சா அவன் பேரு, பொழுது போனா அவன் பேரு. பெருநாளும் அவனுக்குத்தானா? பின்னால பொறந்தான்னு சாரா பெத்த புள்ள புள்ளையில்லாமப் போயிருமா? வாப்பாவுக்கு உசுரா இருக்க அவனுக்கு ஒரு நாளாவது வேணாமா?"

எந்தப் பிள்ளையைச் சொல்கிறாள் என்று கேட்க ஒருத்தியும் இல்லை. அப்போது நிலைப்படிப் பக்கமிருந்து நூர் நிஷா பேசினாள். ஐந்து வருஷத்தில் அவள் சத்தம் போட்டு அந்த வீடு கேட்டது அன்றைக்குத்தான்.

"உங்க புள்ளையாவே இருக்கட்டும் லாத்தா! பாறையில படுக்கப் போட்டுக் கழுத்துல கத்தி வைக்கிற எடத்துக்கு எம்புள்ள வேணாம். அந்தப் பெரும எனக்கு வேணவே வேணாம். நீங்களே வச்சுக்கங்க."

சொல்லிக்கொண்டே மடியில் கிடந்த முஹைதீனின் கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஹபீபா குனிந்து பார்த்தாள். ஹமீது தலையைப் பின்னால் சாய்த்து, வாயோரம் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். பால் மடிப்பு விழுந்த அந்தச் சின்னக் கழுத்து நன்றாகத் தெரிந்தது. அட பாவி, யாரோடு போட்டி போட்டு, எதைப் பிடுங்கி, என் பிள்ளையை எங்கே கொண்டுபோய்க் கிடத்தினேன்! பிள்ளையை வாரித் தோளில் போட்டாள். கித்தாபை மூடினாள். பிள்ளைக்குப் பதிலாக அறுபட வேண்டிய ஆட்டுக்கடா அந்த வருஷம் வானத்திலிருந்து இறங்கவேயில்லை. பிள்ளை தப்பியதை வாசிக்காமலேயே பெண்கள் எழுந்து போனார்கள்.

நோன்பு திறந்ததும் ஹபீபா பின்கட்டுக்குப் போனாள். நூர் நிஷா துணிகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"வண்டிக்கார தனுஷ்கோடி அண்ணந்தான். அக்காள்மடத்துக்கு எத்தன சாமான் ஏத்தணும்னு கேட்டாரு."

"அது நாளன்னைக்கில்ல?"

"நாளைக்குப் பெருநா ஆடு அறுக்க ஊரு கூடும் லாத்தா. என்னையும் புள்ளையையும் பாத்தா, உங்களச் சாரா சாரான்னு பேசும். நான் கண்ணுல படாட்டி பேச்சு கொறையும். அதான் விடியவும் போறேன்."

ஹபீபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகும்போதும் இவள்தான் நல்லவளா? விட்டுக்கொடுப்பதிலும் இவளையே முந்த விட வேண்டுமா?

"பெரிய மவராசி!" என்று சீறினாள். "நீ பாட்டுக்குப் போயிருவ. உம்புள்ள அங்கன வளருவான், எம்புள்ள இங்கன வளருவான். நீ அவன்ட்ட ஒண்ணும் சொல்ல மாட்ட, எனக்குத் தெரியும். ஊரு சொல்லும். ஒன்னயும் ஒங்க உம்மாவையும் இன்னார் தொரத்துனாங்கன்னு சொல்லும். எம்புள்ளைட்ட நானே சொல்லுவேன், என் வாயி சும்மா இருக்காது. இருவது வருசங்கழிச்சு ரெண்டும் ஒண்ண ஒண்ணு தெரியாத ஆம்பளையா வந்து, வாப்பா ஊடு எனக்குத்தாண்டான்னு வாசல்ல நிக்கும். அன்னைக்கு நெசமாவே கத்தி வரும். யாரு கழுத்துக்குன்னு ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா?"

நூர் நிஷா மூட்டை மேல் கையை வைத்தபடி நின்றாள்.

"அவுத்துப் போடு. ரெண்டும் இங்கனயே கெடந்து அடிச்சுக்கட்டும், கடிச்சுக்கட்டும். நாம ரெண்டு பேரும் வெலக்கி விடலாம்."

"மச்சான் வண்டிக்குச் சொல்லிட்டாரே."

"நான் சொல்லித்தான அவரு சொன்னாரு? நானே போயி வேணாங்குறேன். வெக்கக்கேடு எனக்குத்தான, ஒனக்கென்ன?"

நூர் நிஷா சின்னக் குரலில் கேட்டாள். "அப்ப எம்மேல உள்ள பொறாம போயிருச்சா லாத்தா?"

"போகல" என்றாள் ஹபீபா. "எங்கிட்டுப் போகும்? இந்தா, இப்ப ஒன்னப் பாக்கும்போதே எரியுது. எரியட்டும். அதுவும் இந்த ஊட்டுக்குள்ளயே கெடக்கட்டும், நீயும் கெட."

நூர் நிஷா முடிச்சை அவிழ்த்தாள். கடைசித் துணி வரைக்கும் அவள் வெளியே எடுத்து வைக்கிறாளா என்று ஹபீபா அங்கேயே நின்று பார்த்தாள்.