பனிக்கு அடியில் தண்ணீர்

தென்துருவத்தில் பூமி பிளந்து விலகியதால் உண்டான பள்ளத்தாக்கு பனிக்குள் புதைந்து கிடக்கிறது. அடியில் உள்ள சூட்டில் பனி உருகித் தேங்கிய ஏரிகளும் அங்கே உண்டு. மாலை வகுப்புத் தேர்வுக்காக வெண்ணிலா இதைச் சத்தம்போட்டுப் படித்ததுதான் வினையாயிற்று. கேட்டுக்கொண்டிருந்த அப்பா தீர்த்தகிரி, இரண்டு கரட்டுக் குன்றுகளுக்கு நடுவே இருந்த தங்கள் பள்ளக்காட்டு நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இதிலும் தண்ணீர் வராவிட்டால் தக்காளி கருகிவிடும்.

ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதான் பறந்தது.

“நிறுத்திடலாங்களாண்ணே?” என்றார் வண்டிக்காரர்.

“அப்பா, அது வேறப்பா. அங்க மேல பூரா ஐஸு. அது உருகித்தான் தண்ணி” என்றாள் வெண்ணிலா.

“இங்க மேல மண்ணு, அவ்ளோதான? பூமி பொளந்தா பள்ளம், பள்ளத்துக்கடியில தண்ணி. நீதான கண்ணு படிச்ச?”

“நம்முது பொளந்த பள்ளமில்லப்பா. மழை அரிச்சது.”

வண்டிக்காரர் சிரித்தார். “பாப்பா பாஸாயிடும்ணே. போருதான் பெயிலு.”

அப்பா சிரிக்கவில்லை. வாடிய செடிகளை ஒருதரம் பார்த்தார்.

“இன்னொரு நூறு அடி விடுங்க.”

வெண்ணிலா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை. வண்டி மறுபடி உறுமியது. அவள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை.