கூடையில் ஊறிய காபி

உலோகப் பூச்சு ஏற்றும் பிளேட்டிங் பட்டறையிலிருந்து அந்தக் கம்பிவலைக் கூடையை அவன் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தான். சாண் உயரம், டம்ளர் அகலம், சுற்றிலும் அடியிலும் ஊசிக்கண் வலை. பட்டறையில் பொடி ஸ்குரூக்களை இதுபோன்ற கூடையில் போட்டுத்தான் தொட்டிக்குள் முக்குவார்கள். கழித்துப் போட்ட சாமானை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகலாம், கேட்க வேண்டியதில்லை. அங்கே வேலை செய்பவர்கள் வீட்டில் வாளி, கொக்கி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் பட்டறைக் கழிவுதான்.

மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இதேதாங்க! வீடியோல அந்தப் பொண்ணு வெச்சிருந்தது அச்சு அசலா இதேதான். கழுவிக் கழுவி வெச்சுக்கலாமாம்."

அவள் துணி ஆலையில் அயர்ன் மேசை. காலை முதல் ஆவியில் நிற்பவளுக்குச் சூடாக எதையும் வாயில் வைக்கப் பிடிக்காது. காபி இல்லாவிட்டாலோ மதியத்துக்குள் மண்டை பிளந்துவிடும். பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து எடுக்கிற காபியைப் பற்றி ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு.

"நல்லா கழுவினீங்களா?"

"யாருகிட்ட கேக்குற? பிளேட்டிங்காரன்கிட்டயா?"

சோடாக் கரைசலில் கொதிக்கவைத்து அலசித்தான் எடுத்து வந்திருந்தான். குழாயைத் திறந்து கூடையின் விளிம்பை நீட்டினான். பட்டறையில் எல்லோரும் செய்கிற சோதனை அது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும். இல்லையென்றால் பாய் விரித்ததுபோல் ஒரே சீராக வழியும். அப்படி வழிந்தால் சுத்தம். அதற்கு மேல் பட்டறையில் யாரும் எதுவும் கேட்பதில்லை. தண்ணீர் சீராக வழிந்தது.

"பாத்தியா? உன் மூஞ்சியவிட சுத்தம்."

"ஆமா, உங்க அம்மா மனசவிடவும்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

அன்றைக்கே கொரகொரப்பாக அரைத்த தூளைக் கூடையில் கொட்டி, கண்ணாடி ஜாடிக்குள் இறக்கி, மெதுவாகத் தண்ணீர் ஊற்றி பிரிட்ஜில் வைத்தாள். காலையில் கூடையைத் தூக்கியபோது கறுப்பாக, தெளிவாக, கசடே இல்லாமல் இறங்கியிருந்தது. தண்ணீர் கலந்து பாட்டிலில் எடுத்துப்போனாள். மாமியார் ஒரு வாய் வைத்துப் பார்த்து, "பல்லு கூசுது, சவத்துத் தண்ணி மாதிரி இருக்கு" என்று துப்பினாள். அவனுக்குப் பட்டறை டீதான் காபி, சாராயம் எல்லாம். ஆக, அந்த ஜாடி அவள் ஒருத்திக்கே ஆனது.

சில நாளில் எலுமிச்சை பிழிந்து ஊறவைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று இன்னொரு வீடியோ சொன்னது. அப்படியும் செய்தாள்.

அதற்கப்புறம்தான் வாந்தி தொடங்கியது. அயர்ன் மேசையிலிருந்து ஓடிப்போய்க் கழுவுமிடத்தில் குனிந்தாள். வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் வலி. பக்கத்து மேசைக்காரி முதுகைத் தடவிக்கொண்டே, "என்னடி, வீட்டுக்காரர் கெட்டிக்காரராயிட்டாரா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

செய்தி அவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது. மாமியார் வாசலில் நின்று பையை வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் மருமகளின் கையிலிருந்து வாங்கிய முதல் பொருள் அதுதான்.

"நாள் தள்ளிப்போயிருக்கா?"

"கொஞ்சம் போயிருக்கு அத்தை."

"அப்புறம் என்ன! உக்காருடி. ஏய், நீ ஏன்டா மரம் மாதிரி நிக்கிற? ஃபேனப் போடு."

அன்றிலிருந்து துடைப்பம் மாமியார் கைக்குப் போனது. மருமகளுக்குத்தான் முதல் தட்டு. "மலடு" என்று தெருக்குழாயில் பெயர் வைத்த அதே வாய், அதே குழாயடியில் நல்ல செய்தி சொன்னது. அவனுக்கும் கால் தரையில் பாவவில்லை. பட்டறையில் சொல்லிவிட்டான், டீ வாங்கிக்கொடுக்கச் சொல்லி எல்லோருமாக அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

அவளோ இளைத்துக்கொண்டே போனாள். சோறு இறங்கவில்லை. வாயில் எப்போதும் இரும்பைச் சப்பியதுபோல் ஒரு ருசி. அதை மறைக்க அந்தப் புளிப்பான குளிர்ந்த காபிதான் ஏற்றது என்று இன்னும் கொஞ்சம் குடித்தாள். "வாய்க்குப் பிடிச்சதக் குடிக்கட்டும்டா, கேக்குறது அவ இல்ல, உள்ள இருக்குறது" என்று மாமியாரே இப்போது எலுமிச்சை நறுக்கிக் கொடுத்தாள்.

ஒரு காலையில் அவள் பாயிலிருந்து எழவே நேரமானது. கூடையை அவன் கழுவினான். தூளைக் கொட்டி வெளிச்சத்தில் திருப்பியபோது கை நின்றது.

கூடையின் மேல்விளிம்பு பளபளவென்று இருந்தது. அதற்குக் கீழே, காபி நிற்கும் மட்டத்திலிருந்து அடிவரை, சாம்பல் பூத்து மங்கிக் கிடந்தது. நடுவே கோடு கிழித்ததுபோல் ஓர் எல்லை. நகத்தால் சுரண்டினான். இத்தனை நாளும் அதை வெறும் ஸ்டீல் என்றே நினைத்திருந்தான். ஸ்டீல் இப்படி மங்காது. இது பூச்சு. பூச்சு போயிருக்கிறது. எங்கே போனது என்று யோசிக்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னைக்கு அந்தக் காபி வேணாம்" என்றான்.

பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். "ஏன்? புள்ளத்தாச்சி ஆசையா குடிக்கிறது உனக்கு வலிக்குதோ?"

"இல்லம்மா, அந்தக் கூடை..."

"கூடைக்கு என்ன? நீ கொண்டாந்ததுதான?"

ஆமாம், அவன் கொண்டுவந்ததுதான். நிச்சயமாகத் தெரியாமல் வீட்டைக் கலவரப்படுத்தக் கூடாது என்று நினைத்தான். மனைவி பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெருமுனையில் அவள் சுவரைப் பிடித்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு நடந்தாள்.

பட்டறையில் மேஸ்திரி தொட்டி மேல் குனிந்திருந்தார்.

"அண்ணே, அந்தக் கழிச்ச கூடையெல்லாம் எந்தத் தொட்டியோடது?"

"ஏன், இன்னொண்ணு வேணுமா?"

"சொல்லுங்கண்ணே."

"எல்லாம் கடைசித் தொட்டிதான். கேட்மியம் ஓட்டுனமே, ஆர்டர் நின்னதும் மூடினமே, அது. ஸ்குரூவோட சேந்து கூடைக்கும் பூச்சு ஏறிக்கிட்டே இருக்கும். இந்தத் தொட்டில போட்டா மருந்து கெட்டுரும்னுதான் கழிச்சேன்."

"அதுல காபி ஊறவெச்சா என்னாகும்?"

மேஸ்திரி சிரித்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் அறுந்தது.

"யார்ரா குடிச்சா?"

அவன் கை சட்டைப்பையில் போனைத் துழாவியது.

"மூஞ்சிய மூடாம அந்தத் தொட்டிகிட்ட ஒரு பயல விட்டிருக்கேனாடா? அது வெஷம்டா. சும்மா இருக்குற வரைக்கும் சும்மா இருக்கும். புளிப்பு பட்டா கரையும். ஓடு, ஓடுறா!"

அவளுக்குப் போன் அடித்தான். வேலை நேரத்தில் போன்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஓடினான். துணி ஆலை வாசலில் காவல்காரர் பெயரை எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டி, "அயர்ன் மேசைக்காரியா? இப்பதான் மயங்கி விழுந்துச்சு, படுக்க வெச்சிருக்காங்க. விசேஷமாமே! ஸ்வீட் எங்க?" என்றார்.

கிடத்தியிருந்த பெஞ்சுக்குக் கீழே பாட்டில் காலியாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவன் நடைவழியிலேயே எல்லாவற்றையும் சொன்னான். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? டாக்டர்கிட்ட கேளுடா, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஊசியைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: "கர்ப்பமா இருக்கீங்களாம்மா?"

"இல்ல" என்றாள் அவள்.

"மயக்கத்துல உளறுறா" என்று மாமியார் முன்னால் வந்தாள். "இருக்கும்மா. வாந்தி, நாள் தள்ளிப்போயிருக்கு, எல்லாம் இருக்கு."

"இல்லீங்க." இந்தத் தடவை தெளிவாகச் சொன்னாள். "மொத வாந்தி எடுத்தன்னைக்கே கடையில வாங்கிப் பாத்துட்டேன். ஒரே கோடு. அப்புறமும் பாத்தேன். அப்பவும் ஒண்ணுதான்."

நர்ஸ் தலையசைத்து எழுதிக்கொண்டு போனாள். மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "அப்போ இத்தனை நாளா எதுக்குடி வாந்தி எடுத்த?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு அம்மாவின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. பிடிக்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்த?" என்று குனிந்தான். "உடம்புக்கு வேற ஏதோன்னு தெரிஞ்சிருக்கு. எங்கிட்டயாவது..."

"அத்தை தொடப்பத்தக் கையில இருந்து வாங்குனாங்க" என்றாள் அவள், மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு. "உக்காருன்னாங்க. நீங்க பட்டறையில டீ வாங்கிக் குடுத்ததா சொன்னீங்க. எப்படிங்க சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

மாமியார் கட்டிலின் கால்மாட்டில் வைத்திருந்த தன் பையை எடுத்தாள். "வீட்டைப் பூட்டாம வந்துட்டேன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு நடந்தாள். செருப்புச் சத்தம் படிக்கட்டுவரை கேட்டது.

டாக்டர் வந்து ஜாடியைப் பற்றியும் கூடையைப் பற்றியும் கேட்டார். எலுமிச்சையைப் பற்றிக் கேட்டபோது அவன் தலை குனிந்தான். இரண்டு குழாயில் ரத்தம் எடுத்தார்கள்.

"வாந்தி நின்னுடும்" என்றார் டாக்டர். "கவலை அதப் பத்தி இல்ல. இது கிட்னில போய் உக்காந்துக்கும். உக்காந்தா வருஷக்கணக்கா அங்கயேதான். யூரின்ல இப்பவே புரோட்டீன் போகுது. எவ்வளவு உக்காந்திருக்குன்னு ரத்தம் வந்தாதான் தெரியும்."

"எடுத்துடலாம்ல டாக்டர்?"

டாக்டர் சீட்டில் ஏதோ எழுதினார். "பாக்கலாம்" என்றார்.

அவர் போனபின் அவள் தண்ணீர் கேட்டாள். அவன் மேசைமேல் இருந்த டம்ளரில் ஊற்றி, தலையைத் தாங்கித் தூக்கிவிட்டான். டம்ளர் புதிதுபோல் பளபளத்தது. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உள்ளே பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.