வடித்த தண்ணீர்

நோயாளி வீட்டார் சொல்வதை நான் நம்புவதில்லை. ஒசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாகச் சிறுநீரக நோயாளிகளுக்கு என்ன சாப்பிடலாம், எது கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இளநீர் கூடாது என்றால் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு, நேரே வாசலில் இளநீர் வண்டிக்காரனிடம் போய் நிற்கும் ஜனங்கள் இவர்கள்.

அதிலும் சம்பங்கியைக் கண்டாலே எனக்கு ஆகாது. கெலவரப்பள்ளி அணைப் பக்கம் விவசாயம் செய்கிறவள். அவள் கணவர் கங்கப்பனுக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் முக்கால்வாசி போய்விட்டது. டயாலிசிஸைத் தள்ளிப்போட வேண்டுமானால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக் கூடாது. மிஞ்சினால் இதயமே நின்றுவிடும். காய், கீரை எதுவானாலும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். இதையெல்லாம் நானே எழுதி அச்சடித்த தாளை அவளிடம் கொடுத்து, வரிவரியாகப் படித்தும் காட்டினேன்.

ஆனாலும் கங்கப்பனுக்குப் பொட்டாசியம் மாதாமாதம் ஏறிக்கொண்டேதான் போனது.

"காய வடிக்கிறீங்களா இல்லையா?" என்று கேட்டேன்.

"வடிக்கறனே மேடம். ஒரு நாளு உடலீங்க."

"அப்பறம் எப்படி ஏறுது? வாழப்பழம் குடுத்தீங்களா?"

"இல்லீங்க. நீங்க சொன்னதத்தான் செய்யறன்."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்கு மதி வேண்டாமா? மூன்றாவது மாதம், வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன்: "பொய் சொல்லியே புருஷனக் கொன்னுடாதீங்க." சம்பங்கி தாளை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். எவ்வளவு திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில், நடக்கக் கால் வராத கங்கப்பனை ஆட்டோவிலிருந்து தூக்கி இறக்கினார்கள். ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் 7.1. கழுத்தில் குழாய் போட்டு அவசர டயாலிசிஸ் செய்தார்கள். இனி வாரம் மூன்று முறை வர வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வார்டுக்குப் போனபோது சம்பங்கியின் காலடியில் டிபன் கேரியர் இருந்தது. காலையில் சமைத்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சரி, கையும் களவுமாகப் பிடித்தேன் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கேட்காமலே திறந்தேன்.

முதல் அடுக்கில் களி. இரண்டாவதில் கீரையும் அவரைக்காயும், சாரமெல்லாம் போய் வெளுத்துக் கிடந்தன. ஒழுங்காக வடித்திருந்தாள். மூன்றாவதில் சிவப்பாக, பூண்டு வாசனையோடு ஒரு சாறு.

"இது என்ன?"

"பஸ்ஸாருங்க. வடிச்ச தண்ணியில மொளகா பூண்டு அரச்சுப் போட்டு கொதிக்க வச்சது. அவருக்கு இப்பல்லாம் பசியே எடுக்கறதில்ல. இத ஊத்துனாத்தான் களி ரெண்டு வாயி எறங்குது. முன்னெல்லாம் வாரத்துக்கு ஒருக்கா வைப்பன். நீங்க தெனமும் வடிக்கச் சொன்னீங்க, அதனால தெனமும் வச்சன்."

நான் ஒன்றும் வெளியூர்க்காரி இல்லை, கெலமங்கலத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் கீரை வடித்த தண்ணீரை யாரும் கீழே ஊற்றி நான் பார்த்ததில்லை. சத்தெல்லாம் அதில்தான் என்பார்கள். அன்று காலையில்கூட நான் களிக்கு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்தது பஸ்ஸாருதான். சென்னையில் படித்ததைத் தாளில் இறக்கி வைத்தவளுக்குத் தன் வீட்டு அடுப்பு ஞாபகம் வரவில்லை. இந்தப் புத்திக்கு ஒரு வெள்ளைக் கோட்டு வேறு.

"அந்தத் தண்ணியிலதான் எல்லாமே இருக்கு. அதக் கீழ கொட்டியிருக்கணும்" என்றேன்.

சம்பங்கி கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். பையிலிருந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். மடிப்புகளில் கிழிந்திருந்தது.

"கொட்டச் சொல்லி இதுல எங்கீங்க இருக்குது?"

எனக்கே தெரியும், இருந்தாலும் தேடினேன்.

"இல்ல. நான்தான் எழுதாம உட்டுட்டேன்."

அவள் கேரியரை ஒவ்வொரு அடுக்காக மூடினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, "மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"அன்னிக்கி இத்தன மெதுவா சொல்லலீங்களே மேடம்" என்றாள் சம்பங்கி.