இருமல் இல்லாத கேசட்

என் மகள் ஷைலா இருமத் தொடங்கியதும் மாமியார் சரசம்மா டேப்ரெக்கார்டரை நிறுத்திவிட்டாள். ஷார்ஜாவிலிருக்கும் அப்பாவுக்கு அனுப்ப அவள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். இருமல் அடங்கியதும் மாமி டேப்பைப் பின்னால் ஓட்டி, இருமின இடத்தை அழித்து, மறுபடி பாடச் சொன்னாள்.

"பிள்ளை இருமுதது கேட்டா அவனுக்கு அங்க சோறு எறங்குமா?"

"எறங்காண்டாம். நல்லா கேக்கட்டும் மாமி," என்றேன். என் பேச்சை யார் மதித்தார்கள்?

ஐந்து வயதுக்குள் ஷைலா குடிக்காத கஷாயம் இல்லை. பாறசாலைச் சந்தைக்குப் போனால் மீன்காரிகூட எனக்கு வைத்தியம் சொல்வாள். ஆடாதோடை, துளசி, கருப்பட்டி, கல்ஃப் தைலம் எல்லாம் ஆகிவிட்டது. வருஷம் முழுக்க மூக்கொழுகல், வாயைப் பிளந்தபடி தூக்கம். நெய்யாற்றின்கரை டாக்டர்தான் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து அடைத்திருக்கிறது, சளி அங்கேயே கட்டிக் காதுக்கும் போகிறது, சதையை எடுத்தாக வேண்டும், தாமதித்தால் காது மந்தமாகும். "அவன் சம்மதிக்காம எனக்க பேத்திக்கு கத்தி வைக்க விடமாட்டேன் ஆக்கும்" என்று மாமி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். நான் ஷார்ஜாவுக்கு, என் கணவருக்கு மூன்று கடிதம் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து, அவரோடு வேலை பார்க்கும் மோகனன் லீவுக்கு வந்தபோது அவன் கையில் பதில் கேசட் வந்தது. மத்தியானச் சோறு முடிந்து போட்டுக் கேட்டோம்.

"சுகுமாரி, பிள்ளை நல்லா பாடியிருக்கா. ஒரு இருமல் உண்டா அதில? ஒனக்கு டவுணுக்குப் போக ஒரு சாக்கு. ஆபரேஷன் ஒண்ணும் வேண்டாம்."

மாமியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

பிறகு அவர் குரல் குழைந்தது. "ஷைலா மக்களே, அப்பா பேசுதேன். கேக்குதா?"

மகள் எங்களுக்கு முதுகைக் காட்டி, வாசற்படியில் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "மக்களே" என்று அவர் மறுபடி கூப்பிட்டார். மாமி சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். குடியிருந்த உரிமைக்காகக் குடிகிடப்பில் கிடைத்த எங்கள் பத்து சென்ட் மனையையும் தாண்டி அவர் குரல் போயிற்று. சாலையில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் ஷைலா எழுந்து வந்தாள். டேப்ரெக்கார்டரோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா எதுக்கு சத்தமே இல்லாம இவ்வளவு பைய பேசுது?"

மாமி குமிழைத் திருகினாள். அது அதற்கு மேல் திரும்பவில்லை.